தண்ணீர் ஏறும் பாலங்கள்

செப்டம்பர் 14, ஞாயிறு

முகைதீனின் சைக்கிள் கடை மாடியில் கூட்டம். டயர் வாடை, ஒரே ஒரு மின்விசிறி, மூன்று மணி நேரச் சண்டை. வந்தது மூன்று பேர்தான், சத்தம் முப்பது பேருக்கு இருந்தது.

நாங்கள் வரைவது திறந்த வரைபடம். யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். கோடு போட்டால் மட்டும் போதாது. அந்தக் கோடு என்ன என்று ஒரு டேக் வைக்க வேண்டும். இயந்திரம் டேக்கைத்தான் படிக்கும். அதில்தான் நம் ஆட்கள் அவரவர் இஷ்டத்துக்குப் புகுந்து விளையாடியிருக்கிறார்கள். ஆற்றுக்கும் ஓடைகளுக்கும் மேலே எங்கள் வட்டாரத்தில் அறுபத்தொரு இடங்கள். ஒருவர் ‘பாலம்’ என்கிறார், ஒருவர் ‘சிறுபாலம்’, ஒருவர் ‘தரைப்பாலம்’ என்பதை வகையில் போடாமல் பெயரில் போட்டிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், பதினொரு விதம். ஒரு மகராசன் ‘மழைக்கு ஆகாது’ என்றே டேக் வைத்திருந்தார். அந்த மகராசன் முகைதீன்.

“யக்கா, அதத்தானே எல்லாரும் சொல்லுதாங்க? மழைக்கு ஆகாதுன்னா ஆகாது. அதுல என்ன தப்பு?” என்றார்.

“மனுசனுக்குப் புரியும் அண்ணே. மிஷினுக்கு நாமளாச் சொல்லிக் குடுத்தாத்தான் புரியும்” என்றாள் ஜெபராணி. கல்லூரியில் கணினி நடத்துகிறவள். டயாலிசிஸ் வண்டி ஓட்டுநரின் போனில் ‘மழை வழி’ என்று ஒரு பொத்தான் செய்து கொடுத்தவளும் அவள்தான். அதை அழுத்தினால் தண்ணீர் ஏறும் தரைப்பாலங்களை விட்டுவிட்டு வேறு வழி காட்டும். ஆனால் பதினொரு விதத்தில் நான்கைத்தான் அது கண்டுகொள்கிறது. மீதி ஏழும் அதன் கணக்கில் நல்ல சாலை.

அந்த வண்டியை ஓட்டும் அறக்கட்டளையில் வழி போட்டுக் கொடுப்பது என் வேலை. செவ்வாயும் வெள்ளியும் கிராமங்களிலிருந்து ஒன்பது பேரை ஏற்றி, டவுன் ஆஸ்பத்திரியில் இறக்க வேண்டும். ஒரு தவணை தவறினால் மூச்சு வாங்கும். இரண்டு தவறினால் என்ன ஆகும் என்று எழுதக் கை வரவில்லை. ஐப்பசி அடைமழைக்குள் எல்லா டேக்கையும் ஒரே முறையில் கொண்டுவந்தாக வேண்டும். கொண்டுவருவேன்.

ஒன்பது பேரில் ஆறாம் எண் அம்பலவாணன், நாற்பத்தாறு வயது, புளியடிக்குறிச்சியில் அக்காள் வீட்டில் இருக்கிறார். சட்டப்படி இன்னும் என் கணவர். அவரைப் பற்றி எழுத அவ்வளவுதான் இருக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

கேரட், பீன்ஸைப் பொடியாக நறுக்கி, வெந்நீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்துப் பொரியல். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஆகாத பொட்டாசியம் போய்விடும். ருசியும் போய்விடும். என் வீட்டில் நான் ஒருத்திதான், எனக்கு ஒரு நோயும் இல்லை. வண்டியில் வருகிறவர்களுக்குப் பொதுவாக இருக்கட்டும் என்று கொடுத்தனுப்பினேன்.

சாயங்காலம் டப்பாவைத் திருப்பித் தந்த ஓட்டுநர் சேவியர் அண்ணாச்சி, “மத்தவங்க வேண்டாம்னுட்டாங்கம்மா. ஆறாம் நம்பரு மட்டும் வழிச்சுச் சாப்பிட்டாரு” என்றார். நான் கேட்கவே இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

மறுபடி கூட்டம், மறுபடி சண்டை. ஜெபராணி ஒரு தாள் கொண்டுவந்தாள். உலகம் முழுக்க இந்த வரைபடத்தை வரைகிறவர்கள் ஏற்கெனவே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்களாம். அதில் இருக்கும் சொல்லைத்தான் முதலில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால்தான் புதிது. புதிது என்றால் வரைகிறவர்கள் பேசிக்கொள்ளும் இணைய மன்றத்தில் எழுதி, இரண்டு வாரம் எல்லோருடைய கருத்துக்கும் காத்திருக்க வேண்டும். மொத்தமாக எதை மாற்றுவதென்றாலும் அப்படித்தான்.

“ரெண்டு வாரமா? வெள்ளம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிரும்” என்றேன்.

“கேக்காமச் செஞ்சா எங்கன ஒடையும்னு தெரியாதுக்கா.”

சின்னப் பெண் எனக்குப் பாடம் நடத்துகிறாள். கேட்காமல், சொல்லாமல் ஒருவர் செய்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? ஆறாம் எண் தன் சிறுநீரகம் கெட்டுப்போனதை ஒன்றரை வருடம் என்னிடம் மறைத்தவர். மாத்திரை அட்டைகளை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்திருந்தார். நான் கண்டுபிடித்தபோது காரியம் கைமீறிவிட்டது. “ஒனக்குப் பாரமா இருக்க வேண்டாம்னுதான்” என்றார். அன்று நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. மறுநாள் அவர் அக்காள் வீட்டுக்குப் போனார். மூன்று வருடம் ஆகிறது. எனக்கு வந்த கோபத்தில் கால்வாசிகூட இன்னும் தீரவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வீட்டைக் கழுவி, மின்விசிறியைத் துடைத்து, தையல் மிஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பொரிகடலையைக் கொறித்துக்கொண்டே வரைபடத்தைத் திறந்தேன். அதே பதினொரு விதக் கந்தரகோளம். வீட்டை இத்தனை சுத்தமாக வைத்துவிட்டு இதை மட்டும் எப்படி விடுவது?

அறுபத்தொன்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தேன். பழைய டேக்கை எல்லாம் எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே டேக், ‘பாலம்’. ஐந்து நிமிட வேலை. தண்ணீர் ஏறுமா ஏறாதா என்பதை அடுத்த வாரம் தனி டேக்காகப் போட்டுக்கொள்ளலாம். முதலில் ஒழுங்கு வரட்டும். பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

அக்டோபர் 2, வியாழன்

யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நல்லது.

அக்டோபர் 12, ஞாயிறு

தண்ணீர் டேக் போட உட்கார்ந்தேன். முறுக்குக்கு மாவு திரிக்கப் போக வேண்டியிருந்தது. நாளை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடியும்போதே மழை. பக்கத்து வீட்டுப் பட்டாசு எல்லாம் நமுத்துப்போய் புஸ்ஸென்றது. சேவியர் அண்ணாச்சிக்குக் காய்ச்சலாம், நாளைக்கு மதுரையிலிருந்து மாற்று ஓட்டுநர். அதனால் என்ன, போன் வழி காட்டும்.

அக்டோபர் 21, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புதிய ஓட்டுநருக்கு ஊர் தெரியாது. மழை கொட்டவே ‘மழை வழி’ பொத்தானை அழுத்தியிருக்கிறார். போன் கருங்காலி ஓடைத் தரைப்பாலத்தைக் காட்டியிருக்கிறது. அவரும் நம்பி இறங்கிவிட்டார். பாதி தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. முழங்காலுக்கு மேல் தண்ணீர். உள்ளே நான்கு பேர், மீதி ஐந்து பேரை முதல் நடையிலேயே ஆஸ்பத்திரியில் இறக்கியிருந்தார். செங்கல் சூளைக்காரர்கள் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? யாருக்கும் அடி இல்லை. ஆனால் இன்றைய டயாலிசிஸ் நால்வருக்கும் போயிற்று. ஆஸ்பத்திரியில் கெஞ்சி நாளைக்கு நேரம் வாங்கினேன்.

நால்வரில் ஆறாம் எண்ணும் ஒருவர். அவருடைய அக்காள் போனில், “மூச்சு வாங்குது ஆவுட. உக்காந்துக்கிட்டே இருக்கான், படுக்க முடியல” என்றார்.

முகைதீனுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். கருங்காலி ஓடையை வரைந்தவர் அவர்தான். “ஒம்ம டேக்கும் ஒம்ம லட்சணமும்! நாலு உசுரு போகப் பாத்துச்சுவே!”

அவர், “நான் ஆகாதுன்னுதானே யக்கா போட்டிருந்தேன்” என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 22, புதன்

நால்வருக்கும் டயாலிசிஸ் முடிந்தது. ஆறாம் எண்ணுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் எடுத்தார்களாம். இப்போது படுக்க முடிகிறதாம்.

முகைதீன் முகத்தில் அடித்தாற்போல் காட்ட வேண்டும் என்று கருங்காலி ஓடையின் வரலாற்றைத் திறந்தேன். இந்த வரைபடத்தில் யார், எந்த நிமிடத்தில், எதை மாற்றினார்கள் என்று எல்லாம் பதிவாகும், அழிக்க முடியாது. முதலில் முகைதீன்: ‘மழைக்கு ஆகாது’. ஜெபராணியின் பொத்தான் கண்டுகொள்ளும் அந்த நான்கு விதத்தில் அதுவும் ஒன்று. அதற்குக் கீழே ஒரே ஒரு மாற்றம். அக்டோபர் 1. ஆவுடைச்செல்வி. நான்தான்.

மத்தியானம் சாப்பிடவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

அறுபத்தொன்றையும் பழையபடி திருப்பி வைத்தேன். கந்தரகோளமாகவே இருக்கட்டும், அந்தக் கந்தரகோளத்துக்கு நான்கு விதத்திலாவது உயிர் தப்பிக்கும் புத்தி இருந்தது. பிறகு மன்றத்தில் எழுதினேன். நாலு தடவை எழுதி அழித்தேன். கடைசியில் இவ்வளவுதான்: ‘யாரையும் கேட்காமல் மொத்தமாக மாற்றியது நான். தண்ணீர் ஏறும் என்ற எச்சரிக்கை அதில் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை வண்டி ஓடையில் மாட்டியது அதனால்தான். முகைதீன் சரியாகத்தான் வைத்திருந்தார். அவரைத் திட்டியது என் தப்பு.’

ஜெபராணி உடனே கூப்பிட்டாள். “கேட்டிருந்தா ரெண்டு நிமிசத்துல சொல்லிருப்பேனேக்கா” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

முகைதீனிடமிருந்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு செய்தி. ‘ஞாயித்துக்கெழம வாங்க யக்கா. பருத்திப்பால் வாங்கி வைக்கேன்.’ படித்துவிட்டு ஓவென்று அழுதேன்.

அக்டோபர் 24, வெள்ளி

வண்டியில் வந்த நால்வரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். மூன்று பேர், “விடுங்கம்மா, உசுரோடதானே இருக்கோம்” என்றார்கள். ஆறாம் எண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது.

“நீயும் சொல்லாமத்தான் செஞ்சிருக்க” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. லேசாகச் சிரித்தார்.

சுரீரென்றது. “நான் மூணு வாரத்துல ஊரறியச் சொல்லிட்டேன். ஒன்ற வருசம் மறைக்கல” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் தோன்றியது, மூன்று வருடத்தில் நாங்கள் பேசிய முதல் பேச்சு இது.

நவம்பர் 2, ஞாயிறு

முகைதீனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து பதினான்கு இடம் பார்த்தோம். கையில் ஆறடிக் கம்பு, அதில் அடிக்கு அடி சிவப்பு ரிப்பன். ஜெபராணி சொன்னதுதான் இப்போது சட்டம்: பெயரைப் பார்த்து டேக் வைக்காதே, பொருளைப் பார்த்து வை. பெரியபாலம் என்று ஊரே சொல்வது இடுப்பளவு தண்ணீரில் முங்கும் தரைப்பாலமாக இருக்கிறது. பெயரே இல்லாத ஒன்று தூண் வைத்து ஜம்மென்று உயரமாக நிற்கிறது.

ஓர் இடத்தில் டீக்கடைக்காரர், “இதுல தண்ணியா? என் காலத்துல ஏறினதே கெடையாது” என்றார். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள், “ஏ மூதி, போன வருசம் என் ஆட்டக் கொண்டுட்டுப் போச்சே, அது என்ன பன்னீரா?” என்று பிடித்துக்கொண்டார். மதகுக் கல்லில் பாசி ஒட்டியிருந்த உயரத்தை அளந்தோம். இரண்டே முக்கால் அடி. அந்த அம்மாள் பக்கம் தீர்ப்பானதும் டீக்கடைக்காரர் எங்களுக்கு டீ தரமாட்டேன் என்றுவிட்டார்.

நவம்பர் 8, சனி

இன்றோடு அறுபத்தொன்றும் முடிந்தன. தண்ணீர் ஏறுவது முப்பத்தெட்டு. இடுப்பு வலி உயிர் போகிறது. வெள்ளிக்கிழமை கொடுத்தனுப்பிய டப்பாவை வாங்கிவர மறந்துவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

விதியை எழுதினோம். மக்கள் கூப்பிடுவது பெயர்ப் பெட்டியில் மட்டும். கட்டுமானம் என்ன என்பது வகைப் பெட்டியில், உலகப் பட்டியலில் உள்ள சொல்லாலேயே, சுருக்காமல். தண்ணீர் ஏறுமா என்பது தனிப் பெட்டி. அளந்த உயரமும், பார்த்த தேதியும் கட்டாயம். தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்றே எழுத வேண்டும். வழி தேடும்போது தெரியாததும் தண்ணீர் ஏறும் பாலத்தைப் போலத்தான். இந்தக் கடைசி வரி முகைதீனுடையது. ஜெபராணி எழுந்து நின்று கைதட்டினாள்.

மன்றத்தில் போட்டாயிற்று. இரண்டு வாரம். அதுவரை சேவியர் அண்ணாச்சிக்குத் தாளில் எழுதிய பட்டியல்.

நவம்பர் 15, சனி

கை பரபரக்கிறது. வரைபடத்தைத் தொடவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

மன்றத்தில் கடலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் கேட்டிருக்கிறார்: மழையால் ஏறும் தண்ணீருக்கும், அணை திறந்தால் ஏறும் தண்ணீருக்கும் ஒரே டேக்கா? அணை திறந்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வருமே? நியாயம். எனக்கு ஏன் தோன்றவில்லை? இன்னொரு பெட்டி சேர்த்தோம். காத்திருந்ததில் லாபம்தான், ஜெபராணியிடம் அதைச் சொல்லமாட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

ஆட்சேபம் இல்லை. மொத்தமாகச் செய்ய வேண்டாம் என்று நானே சொன்னேன். மூன்று பேர், காலையிலிருந்து, ஒவ்வொன்றாக. ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்த்தார். மாலை நாலரைக்கு அறுபத்தொன்றாவதை முகைதீன் போட்டார். அது கருங்காலி ஓடை.

நவம்பர் 25, செவ்வாய்

ஜெபராணி அறக்கட்டளை அலுவலகத்துக்கே வந்து ‘மழை வழி’யை அழுத்திக் காட்டினாள். ஆறு பேருக்குச் சுற்றுவழி காட்டியது. மூன்று பேருக்கு வழியே இல்லை என்றது. புளியடிக்குறிச்சியிலும் அதற்கு அடுத்த ஊரிலும் இருக்கிறவர்கள். அங்கே போக இரண்டு பாதை, இரண்டிலும் தண்ணீர் ஏறும். இத்தனை நாள் அதில் ஒன்று வரைபடத்தில் நல்ல பாலமாக இருந்தது.

“தப்பா காட்டுதோ?” என்றேன்.

“சரியாத்தான்க்கா காட்டுது. இவ்வளவு நாளுதான் தப்பு.”

அறக்கட்டளையில் பேசி முடிவு செய்தோம். வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் மூவரையும் முன்கூட்டியே இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட வேண்டும். இந்தப் பக்கம் உறவு இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் கல்யாண மண்டபத்தில் பாய் போட்டு. படிவம் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் திரும்பி வந்தது. ஆறாம் எண் தன் கையாலேயே எழுதியிருந்தார். ‘இந்தப் பக்கம் உறவினர்: இல்லை.’

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்தது. வயிற்றெரிச்சலும் வந்தது. அவர் மேல் மட்டும் என்று சொல்லமுடியாது.

நவம்பர் 26, புதன்

வெள்ளிக்கிழமை கனமழை, அணை திறப்பு என்று எச்சரிக்கை வந்துவிட்டது. காலையில் போன் போட்டேன்.

“படிவத்துல தப்பா எழுதியிருக்கீங்க.”

“எத?”

“உறவினர் இல்லன்னு.”

“யாரு பேர எழுதன்னு எனக்குத் தெரியல ஆவுட” என்றார்.

“தெரியலன்னா கேக்கணும். நான் செத்தா போயிட்டேன்? அடிச்சுட்டு நானே எழுதிக்கிடுதேன். நாளைக்கு மூணு மணிக்கு வண்டி வரும். மருந்தெல்லாம் எடுத்து வைங்க. ஒண்ணு விடாம, எனக்குத் தெரியாம எதுவும் இருக்கக் கூடாது.”

“சரி” என்றார். மூன்று வருடத்தில் வேறு எதுவும் இவ்வளவு சுலபமாக முடிந்ததில்லை.

அறக்கட்டளைப் படிவத்தில் ‘இல்லை’யை அடித்தேன். அம்பலவாணன். உறவு: மனைவி ஆவுடைச்செல்வி.

நவம்பர் 27, வியாழன்

மூன்றே காலுக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு பை. வாசலில் நின்றுகொண்டு, “ஒனக்குத் தொந்தரவு” என்றார்.

“தொந்தரவுதான். உள்ள வாங்க.”

பையைக் கவிழ்த்து மாத்திரை அட்டைகளை எல்லாம் மேசையில் பரப்பினார். நான் ஒன்றும் சொல்லாமலே ஒவ்வொன்றும் எதற்கு என்று சொன்னார். ஏழு வகை. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டுக்கு இட்லி, உப்புக் குறைத்த சட்னி. ஒருநாளைக்குத் தண்ணீர் முக்கால் லிட்டர், அளந்து பாட்டிலில் ஊற்றி வைத்தேன். “போலீஸ்காரி” என்றார். முறைத்தேன்.

நவம்பர் 28, வெள்ளி

காலை ஐந்தரைக்குப் புளியடிக்குறிச்சியின் இரண்டு தரைப்பாலமும் மூழ்கின. கருங்காலி ஓடையில் நாலடி. சேவியர் அண்ணாச்சி விடுப்பு, மாற்று ஓட்டுநராக மறுபடியும் அதே மதுரைக்காரர். பயந்துகொண்டேதான் பொத்தானை அழுத்தினார். போன் இருபத்திரண்டு கிலோமீட்டர் சுற்ற வைத்தது. ஒரு சொட்டுத் தண்ணீரில்கூடச் சக்கரம் இறங்கவில்லை. ஒன்பது பேருக்கும் டயாலிசிஸ் முடிந்து, மூன்று மணிக்கெல்லாம் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். முகைதீன் போனில், “யக்கா, ஒம்பதுமா? ஒம்பதுமா?” என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு அழுதுவிட்டார்.

ஒரு சின்ன வேலை மிச்சம் இருந்தது. இன்று ஆறாம் எண் வண்டி ஏறியது எங்கள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். வரைபடத்தில் அந்த இடம் வண்டி நிறுத்தமாக இல்லை. சேர்க்கலாமா என்று மன்றத்தில் எழுதினேன். ஜெபராணி உடனே கேட்டாள்: ‘எத்தனை நாளைக்குக்கா? ரெண்டு மூணு நாளைக்குன்னா போடக் கூடாது. நிலைச்சு இருக்கறதத்தான் வரைபடத்துல போடணும்.’

விதி விதிதான். பதில் எழுதக் கையை வைத்தேன், எழுதவில்லை. நாற்காலியைத் திருப்பி, கட்டிலில் படுத்திருந்தவரிடம் அந்தச் செய்தியை அப்படியே வாசித்துக் காட்டினேன்.

எழுந்து உட்கார்ந்தார். “மழ விட்ட பெறகும் இங்கனயே ஏறிக்கிடலாமான்னு நானே ஒன்கிட்டக் கேக்கணும்னு இருந்தேன்” என்றார்.

“கேட்டிருக்கலாம்லா?”

“இப்பக் கேக்குதேன்லா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். ‘நிலையானது’ என்று ஜெபராணிக்கு எழுதினேன். அவளிடமிருந்து ‘சரி’ வந்த பிறகு நிறுத்தத்தைச் சேர்த்தேன்.